ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை தம்பிக்கு

நம்மாளு முதல் தடவை செத்தபோது நான் அழுதேன். அப்போது ஏழாம் வகுப்பு. இரண்டாம் தடவை செத்தபோது கோபம் வந்தது. மூன்றாம் தடவை நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டிலிருந்து கையைக்கூட எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் எத்தனை தடவை செத்தான், எத்தனை தடவை எழுந்து வந்தான் என்று முழுதாகச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. கதையில் பாதிதான் என் கைக்கு வந்தது. மீதிப் பாதி என் தம்பியிடம் இருந்தது. தம்பி என்னோடு பேசுவதில்லை.

நம்மாளு என்பது நாங்கள் இருவரும் வைத்த பெயர். அட்டையில் போட்டிருந்த பெயர் நீளமானது, எங்கள் வாயில் நுழையாதது. சாம்பல் நிற அங்கி, முழங்கால் வரை பூட்ஸ், எட்டு மைல் தள்ளி ஒருவர் முனகினாலும் கேட்டுவிடுகிற காது. இவ்வளவுதான் அவன் சொத்து. வெளிநாட்டுக் கதை, தமிழில் மாதம் ஒரு புத்தகமாக வந்தது. மாதம் ஒன்று என்று அட்டையில் போட்டிருப்பார்களே தவிர, சில வருடங்களில் எட்டுதான் வரும். சந்தா எங்கள் அப்பா பெயரில் இருந்தது. அப்பா ஒரு புத்தகத்தையும் பிரித்துப் பார்த்தவர் இல்லை. ஆனால் சந்தா ஒரு வருடமும் தவறியதில்லை.

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்கும் குச்சனூருக்கும் நடுவில் இருக்கிறது. தபால் ஆபீசிலிருந்து புத்தகத்தை யார் வாங்கி வந்தாலும், இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிரிக்க வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தம்பி என்னைவிட இரண்டு வயது இளையவன். நான் வாசிப்பேன். வெடிச் சத்தம், கண்ணாடி உடைகிற சத்தம், விழுகிறவனின் அலறல் எல்லாம் அவன் பொறுப்பு. நம்மாளுக்கு ஒரு நிரந்தர விரோதி இருந்தான். ஒரு கருவியை வைத்துக்கொண்டு மழையை நிறுத்துகிறவன். ஊரையே கொள்ளையடிக்கிற மற்ற வில்லன்கள் மேல் தம்பிக்கு அவ்வளவு கோபமில்லை. மழையை நிறுத்துகிறவனைக் கண்டால் மட்டும் புத்தகத்தையே அறைவான். விவசாயி வீட்டுப் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

நாற்பது வருடமாக ஒரு தொடரை விடாமல் வாசித்தவன் என்பதால் அதன் நல்லது கெட்டது பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நல்லது என்னவென்றால், அவன் மாறமாட்டான். நான் கல்லூரிக்குப் போனேன், தேனியில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா ஆனேன், கல்யாணம் ஆனது, தலை நரைத்தது. நம்மாளு அதே அங்கியில் அதே மொட்டை மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். தொடங்கியபோது அவன் எங்களுக்கு மாமா மாதிரி இருந்தான், அப்புறம் நண்பன் மாதிரி. இப்போது பார்த்தால் மகன் வயதுப் பையன், இவனுக்கு யாராவது ஒரு வேளைச் சோறு போடக்கூடாதா என்று தோன்றும். மாதம் ஒரு தடவை, அரைமணி நேரம், எனக்குத் தெரிந்த ஒருவன் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆபீசில் அன்று என்ன வசவு வாங்கியிருந்தாலும் அந்த அரைமணி நேரத்தில் ஆறிவிடும். இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

கெட்டதும் அதேதான். அவன் மாறமாட்டான், மாற விடமாட்டார்கள். ஒரு தடவை அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நாங்கள் இருவரும் சொந்தக்காரர்கள் மாதிரி சந்தோஷப்பட்டோம். ஐம்பது இதழ் கழித்து, அந்தக் கல்யாணம் இந்த உலகத்தில் நடக்கவில்லை, இதே மாதிரி இருக்கிற வேறு ஓர் உலகத்தில் நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். தாலி கட்டியதைக் கண்ணால் பார்த்த எங்களை என்ன செய்வதாம்? மழையை நிறுத்துகிறவன் பதினோரு தடவை சிறைக்குப் போனான், பதினோரு தடவையும் அதே சுவரில் ஓட்டை போட்டுத் தப்பினான். அந்தச் சுவரைப் பூசுவதற்கு அந்த ஊரில் ஒரு கொத்தனார்கூட இல்லை போலிருக்கிறது. படம் போடுகிறவர் மாறினால் நம்மாளின் தாடையும் மாறும். ஒரு வருடம் அம்மிக்கல் அகலத்துக்கு இருக்கும், அடுத்த வருடம் பத்து நாள் பட்டினி கிடந்தவன் மாதிரி ஒட்டிப்போயிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை சாவுதான். செத்தவன் திரும்பி வருவான் என்று தெரிந்துவிட்டால் சாவுக்கு மரியாதை இல்லை. சாவுக்கு மட்டுமா? சண்டைக்கும் சமாதானத்துக்கும் மன்னிப்புக்கும்கூட மரியாதை போய்விடும். இன்னும் நேரம் இருக்கிறது, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற சோம்பல் வாசிக்கிறவனுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குள் வந்து உட்கார்ந்தது என்று இப்போது தெரிகிறது.

அப்பா போய் ஒரு வருடம் கழித்துப் பாகம் பிரித்தோம். எங்கள் தாய்மாமா வந்து நடுவில் உட்கார்ந்தார். மேற்குப் பக்கம் தென்னை எனக்கு, கிழக்குப் பக்கம் வாழை தம்பிக்கு. அவன் ஊரிலேயே இருந்து விவசாயம் பார்க்கிறவன், வீடும் அவனுக்குத்தான் என்று நானே சொன்னேன். அதுவரைக்கும் ஒரு முகச்சுளிப்பும் இல்லை. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. அதைப் பிரிக்க முடியாது, முறைதான் வைக்க வேண்டும்.

"ஒத்தப்படைத் தேதி மூத்தவனுக்கு, ரெட்டப்படைத் தேதி எளையவனுக்கு. நாளைக்கு யாரும் வந்து குழப்பம்னு நிக்கக் கூடாது" என்றார் மாமா.

எங்கள் பக்கத்தில் பாதிக் கிணறுகள் இப்படித்தான் ஓடுகின்றன. காலண்டரைப் பார்க்கத் தெரிந்தவன் எவனும் தகராறு செய்ய முடியாது என்பது இந்த முறையின் பெருமை.

எல்லாம் முடிந்து அண்டா குண்டானையும் பிரித்த பிறகு, கடைசியாகத் தம்பி ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தான். உள்ளே நம்மாளு. ஒன்றிலிருந்து முந்நூற்று முப்பது வரை, வரிசை தப்பாமல்.

"நீ கொண்டு போண்ணே" என்றான் தம்பி.

"ஒனக்கு வேணாமா?" என்றேன்.

"வேணாம்னு சொல்ல மனசு வரல."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. மாமா காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு வலி கண்டிருந்தார். "கெணத்துக்குச் சொன்னதுதான்ப்பா இதுக்கும். ஒத்த அவனுக்கு, ரெட்ட ஒனக்கு. இனிமே வர்ற புக்கும் அப்படித்தான். எந்திரிங்க, சாப்புடுவோம்" என்றார்.

அவர் தண்ணீர் முறை தெரிந்தவர், கதை வாசித்தவர் இல்லை. நாங்கள் இருவரும் வாசித்தவர்கள், ஆனால் எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பாயை விரித்து, சிரித்துக்கொண்டே, ஒன்று உனக்கு இரண்டு எனக்கு என்று அடுக்கினோம். ஒவ்வொரு கதையையும் நடுவில் அறுத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்கிறோம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. தபால் ஆபீசிலும் சொல்லிவைத்தோம். சந்தா அப்பா பெயரிலேயே தொடரும்; ஒற்றை எண் வந்தால் எனக்கு எடுத்துவைக்க வேண்டும், இரட்டை எண் வந்தால் தம்பி கையில் கொடுக்க வேண்டும்.

காலண்டர் முறையில் ஒரு ஓட்டை இருக்கிறது. முப்பத்தொன்று ஒற்றைப்படை, அடுத்த நாள் ஒன்றாம் தேதியும் ஒற்றைப்படை. முப்பத்தொரு நாள் வருகிற மாதம் வருடத்தில் ஏழு. அந்த ஏழு மாதமும் மூத்தவனுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தண்ணீர், இளையவன் கைகட்டி நிற்க வேண்டும். மாமா இதை யோசிக்கவில்லை. மழைக்காலத்தில் நாங்களும் யோசிக்கவில்லை. மே மாதம் வந்தபோது தம்பி போனில் கேட்டான்.

"அண்ணே, முப்பத்தொண்ணு மட்டும் எனக்கு விட்டுக் குடு. வாழை கொலை தள்ளிருக்கு. ரெண்டு நாளு காஞ்சா தாங்காது."

என் தென்னைக்கு அன்று தண்ணீர் தேவையே இல்லை. இரண்டு நாள் தள்ளிப் பாய்ச்சினாலும் தென்னை கோபித்துக்கொள்ளாது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மூத்தவன் என்கிற கொம்பு ஒன்று எனக்கு முளைத்திருந்தது. இன்றைக்கு இதை விட்டால் நாளைக்கு எதைக் கேட்பானோ என்று நினைத்தேன். "பேச்சுன்னா பேச்சா இருக்கணும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் அவன் மோட்டாரைப் போட்டுவிட்டான் என்று என் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் போனில் சொன்னதும், ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். தம்பி வாழைக்குள் மடை திறந்துகொண்டிருந்தான். நான் நேராக மோட்டார் ரூமுக்குள் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். மோட்டார் சத்தம் நின்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நல்லா இருண்ணே" என்றான்.

அவ்வளவுதான். நான் திரும்பி நடந்து தேனி பஸ்ஸைப் பிடித்தேன். அந்த ஃபியூஸ் கட்டை வழியெல்லாம் சட்டைப் பையில் கனத்தது. அந்த வருடம் அவன் வாழையில் பாதிக்கு மேல் குலை சிறுத்துப் போனதாக என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் தம்பி மனைவியும் ஒரு நாளும் பேச்சை விடவில்லை. எங்களுக்குத் தெரியாத மாதிரி போனில் பேசிக்கொள்வார்கள். தம்பி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்தால் 'தேனிக்காரரு' என்று சொல்கிறானாம். அண்ணன் என்ற சொல்லையே விட்டுவிட்டான் என்று கேட்டபோது எனக்கு உள்ளே என்னவோ கழன்றது. ஆனால் நான் போய்ப் பேசவில்லை. முதல் வருடம் அவன் வந்து பேசட்டும் என்று இருந்தேன். மூன்றாம் வருடம் இப்போது போனால் என்ன நினைப்பான் என்று இருந்தேன். ஐந்தாம் வருடம் எதைச் சொல்லித் தொடங்குவது என்றே தெரியவில்லை. கல்யாண வீடுகளில் அவன் ஒரு பந்தி, நான் அடுத்த பந்தி.

இந்த ஏழு வருடமும் புத்தகம் மட்டும் முறை தவறாமல் வந்தது. மாதம் ஒரு சனிக்கிழமை, குச்சனூர் கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நசுங்கிப் போய், தென்னையைப் பார்த்துவிட்டு, என் முறை வந்திருந்தால் தபால் ஆபீசில் வாங்கி வருவேன். பழைய போஸ்ட்மாஸ்டர் ஓய்வு பெற்றபோது, புதிதாக வந்த பெண்ணிடம் சாவி, முத்திரை, தராசு ஆகியவற்றோடு 'ஒற்றை மூத்தவருக்கு, இரட்டை இளையவருக்கு' என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் அதை இலாகா விதி என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

பாதிக் கதை வாசிப்பது எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? நன்றாகவே இருந்தது, அதுதான் கொடுமை. முதல் பக்கத்தில் முன்கதைச் சுருக்கம் என்று நாலு வரி போடுவார்கள். அதை வாசித்தால் போதும், விட்டுப்போன இதழ் தேவைப்படாது. இது தொடரின் பலமா பலவீனமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பாதியை உருவி எடுத்த பிறகும் ஒரு கதை நொண்டாமல் நடக்கிறது என்றால், அந்தப் பாதியில் ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம்? ஆனாலும் அந்த நாலு வரியைத்தான் நான் மற்றப் பக்கங்களைவிட அதிகம் வாசித்தேன். அது என் தம்பி போன மாதம் வாசித்தது. இந்த இடத்தில் சிரித்திருப்பான், இந்த இடத்தில் புத்தகத்தை அறைந்திருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அவனைப் பற்றி எனக்கு வந்த கடிதம் என்றால் அந்த நாலு வரிதான்.

"ஆளுக்குப் பாதிப் பைத்தியம்" என்பாள் என் மனைவி. "சேத்து வச்சா முழுசாயிரும்."

போன கோடையில் ஒரு சனிக்கிழமை காலை, தென்னந்தோப்பில் நிற்கும்போது தபால் ஆபீஸ் பெண் போன் செய்தது.

"சார், ஒரு கொழப்பம். ஒங்க அப்பா பேருக்குப் புக்கு வந்துருக்கு. மேல முந்நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னும் போட்டிருக்கு, நானூறுன்னும் போட்டிருக்கு. இரட்டைச் சிறப்பிதழாம். இறுதி இதழ்னு வேற எழுதிருக்கு. நான் யாருக்குக் குடுக்க?"

"தம்பிக்குச் சொல்லியாச்சா?" என்றேன்.

"சொன்னேன் சார். அவுகளும் இதத்தான் கேட்டாக, அண்ணனுக்குச் சொல்லியாச்சான்னு."

அண்ணனுக்கு என்றுதான் சொன்னானா என்று அந்தப் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டேன். பாவம், அதற்கு ஒன்றும் புரியவில்லை. ஆமா சார், அண்ணனுக்குன்னுதான் சொன்னாக என்றது.

நான் போனபோது அவன் வந்துவிட்டிருந்தான். தபால் ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு அறை, ஒரு மேசை, வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. பெஞ்சின் ஒரு முனையில் அவன் இருந்தான். நான் மறு முனையில் உட்கார்ந்தேன். முன்நெற்றி நன்றாக ஏறியிருந்தது அவனுக்கு. எங்கள் அப்பாவுக்கும் அதே வயதில் அப்படித்தான் ஏறியது.

அந்தப் பெண் தடித்த புத்தகத்தை மேசை மேல் வைத்தது. "ரெண்டு பேரும் வந்துட்டீக. நீங்களே பேசி எடுத்துக்கங்க. எங்கிட்ட இருக்கிற தாள்ல இதுக்கு வழி சொல்லல."

தம்பி என்னைப் பார்க்காமல் அந்தப் பெண்ணிடம் சொன்னான். "முந்நூத்தித் தொண்ணூத்தொம்பது அவுகளுது. நானூறு என்னோடது. எங்கன முடியுதுன்னு பாத்துக் கிழிச்சுக் குடுத்துரு தாயி."

"கிழிக்கவா?" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தது.

கோபத்தில் சொன்னானா, கிண்டலாகச் சொன்னானா என்று எனக்குத் தெரியவில்லை. இருபது வயதில் என்றால் முகத்தைப் பார்க்காமலே சொல்லியிருப்பேன். "எங்கன முடியுதுன்னு மொதல்ல பாப்போம்" என்றேன். புத்தகத்தை எடுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்துப் பிரித்தேன். அவன் கொஞ்சம் நகர்ந்து வந்து குனிந்தான்.

நடுவில் அட்டை இல்லை. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஒரு பக்கத்தின் மேல் பாதியில் முடிந்தது. அதே பக்கத்தின் கீழ்ப் பாதியில் நானூறு தொடங்கியது. நடுவில் கோடுகூட இல்லை.

"கிழிக்க முடியாது போலருக்கே" என்றான். என்னிடம்தான் சொன்னான். ஏழு வருடத்துக்குப் பிறகு என்னிடம்.

"முடியாது" என்றேன்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். கடைசி இதழ் என்பதால் முன்கதைச் சுருக்கமே இரண்டு பக்கம் ஓடியது. தம்பி கண்ணாடி கொண்டுவரவில்லை. புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியிலேயே நிறுத்தினான்.

"இரு இரு. நீர்மூழ்கியில இருந்து தப்புனான்னு போட்டிருக்கு. அவன் அதுலயே செத்துட்டாண்ணே. நான் பாத்தேன். வெடிச்சுச் செதறிருச்சு."

"அதுக்கு அடுத்ததுல வந்துட்டான். வெடிச்சது அவனே இல்ல, வேற ஒலகத்து நம்மாளு."

"அட கெடுவானே! அப்ப அந்தப் பனிமலையில?"

"பனிக்குள்ள ஒறஞ்சு கெடந்து எந்திரிச்சான்."

"கோர்ட்டுல சுட்டாகளே?"

"சட்டைக்குள்ள இரும்புத் தகடு."

தம்பி பெஞ்சில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். "ஏழு வருசமா எனக்கு எழவு சேதி மட்டுந்தான் வந்திருக்குண்ணே. செத்துக்கெடப்பான், தொடரும்னு போட்டிருப்பாக. அடுத்த புக்கத் தொறந்தா தெருவுல ஓடிக்கிட்டு இருப்பான். எப்படிப் பொழைச்சான்னு முன்கதை நாலு வரியிலகூடப் போட மாட்டாக."

நான் யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது ஏறக்குறைய சரி. ஒரு இதழில் சாகடிப்பது, அடுத்த இதழில் எழுப்புவது என்று அந்தத் தொடருக்கு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. முறை பிரித்ததில் சாவெல்லாம் அவன் பக்கம் போய்விட்டது. பிழைத்து வந்ததெல்லாம் என் பக்கம் வந்துவிட்டது. சாவு வீட்டுக்கே போகாமல் கருமாதி விருந்துக்கு மட்டும் போய்ச் சாப்பிட்டவன் மாதிரி இருந்திருக்கிறேன். அதிலும் மூத்தவனுக்குத்தான் நல்ல பங்கு.

"ஒரு மாசம் ஒனக்குப் போன் போட்டுக் கேட்டுருவமான்னு நெனச்சேன்" என்றான் தம்பி. "நம்பரக்கூட எடுத்துட்டேன்."

"போட்டிருக்கலாம்ல?"

"நீ போட்டிருக்கலாம்ல?"

போட்டிருக்கலாம். தபால் ஆபீஸ் பெண் முத்திரை குத்துவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி வாசிக்கத் தொடங்கினேன்.

கடைசி இதழ் அப்படியொன்றும் பிரமாதமில்லை. நாற்பது வருடம் இழுத்த கதையை அறுபது பக்கத்தில் முடிக்க வேண்டிய அவசரம் தெரிந்தது. மழையை நிறுத்துகிறவன் தன் கருவியைத் தானே உடைத்துவிட்டுச் சரணடைந்தான். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வேற்று உலகங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. நம்மாளு சாகவில்லை. அங்கியைக் கழற்றி மடித்து வைத்தான், காதில் பஞ்சை வைத்துக்கொண்டான், படுத்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. கீழே முற்றும் என்று போட்டிருந்தது. அந்தத் தொடரில் அந்தச் சொல்லை நாங்கள் பார்த்ததே இல்லை.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அப்பாடா" என்றோம்.

எனக்கு வருத்தம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. முதுகில் நாற்பது வருடமாக உட்கார்ந்திருந்த ஒருவன் இறங்கி, சரி நான் வர்றேன் என்று கிளம்பியது போல லேசாக இருந்தது. இனி அவனைக் கொல்ல மாட்டார்கள், எழுப்ப மாட்டார்கள், கட்டிய தாலியை இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அவன் தூங்கட்டும்.

"நல்லவேளை முடிச்சாக" என்றான் தம்பி. "நான் பாட்டுக்குப் போய்ச் சேந்துருவேன், இவன் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருப்பான்னு நெனச்சேன். முடிவு தெரியாமயே போயிருவமோன்னு ஒரு பயம் இருந்துச்சுண்ணே."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் நம்மாளைப் பற்றிய பயம் இல்லை. இவனோடு பேசாமலே போய்விடுவேனோ என்பதுதான் என் பயம். நாற்பது வருடமாகச் செத்தவன் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து, எதற்கும் அடுத்த மாதம் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பயம் ராத்திரி பகல் என்று பார்க்காமல் வந்து போகும்.

புத்தகத்தை அவன் பக்கம் தள்ளினேன். "நீயே வச்சுக்க. எம் பங்கையும் கொண்டாந்து தாரேன். ஒரே பெட்டியில கெடக்கட்டும்."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் வெளியே வந்தோம். அவன் பைக் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நின்றது. இதை இப்போது சொல்லாவிட்டால் வேறு எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அந்த முப்பத்தொண்ணாந்தேதி நான் செஞ்சது தப்புடா" என்றேன். "தென்னைக்கு அன்னைக்குத் தண்ணியே தேவையில்ல. தெரிஞ்சேதான் புடுங்குனேன்."

அவன் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். "புடுங்குனதுக்குக்கூட எனக்குக் கோவம் இல்லண்ணே. வாழை போச்சு, அடுத்த வருசம் வந்துருச்சு. நீ பஸ் ஏறும்போது வரப்புல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு தடவ திரும்பிப் பாத்தீன்னா ஓடி வந்து பேசிப்புடலாம்னு இருந்தேன். நீ பாக்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது, விடவும் வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அவன்தான் பேச்சை மாற்றினான்.

"இன்னைக்கு என் முறை. காலைல இருந்து கரண்ட்டு இல்ல. நாளைக்கு ஒன்னோடது." வாழைப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் போட்டுக்கிறவா?"

"போட்டுக்க" என்றேன்.

அவ்வளவு சின்ன வார்த்தை. ஏழு வருடம் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். சொன்னதும் மூச்சு நன்றாக இறங்கியது.

தேனி பஸ் வந்துவிட்டது. குச்சனூர் கூட்டம் படி வரைக்கும் தொங்கியது. நான் ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தேன். அவன் பைக்கைக் கிளப்பாமல், புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான்.

"பாத்தது போதும், உள்ள ஏறுண்ணே" என்று கத்தினான். "விழுந்து தொலையப் போற."